மக்களைத் தேடி மருத்துவம்: சூளகிரிப் பக்கம் எங்கள் வீட்டு அனுபவம்

2021 ஆகஸ்ட் 5 அன்று சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை கொடுக்கும் இந்தத் தமிழக அரசுத் திட்டத்தை முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதற்கு அடுத்த வருடத்திலிருந்து அம்மா இதில்தான் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிறார்.

மாத்திரை இலவசம் என்பது புதிதில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்பும் இலவசம்தான். ஆனால் போய் வந்தால் ஒரு நாள் கூலி போகும், பஸ்ஸும் நேரத்துக்குக் கிடைக்காது, அதனால் எங்கள் ஊரில் பலர் மாத்திரை தீர்ந்ததும் அப்படியே விட்டுவிடுவார்கள், உடம்புக்கு ஒன்றும் தெரியாததால் நோய் சரியாகிவிட்டது என்றும் நினைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கே மாத்திரை வந்த பிறகு அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

வருகிறவர் பெண் சுகாதாரத் தன்னார்வலர், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்தவர், தெலுங்கு பேசும் வீட்டில் தெலுங்கிலேயே பேசுவார். பிரஷர் பார்ப்பார், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார், என்ன சாப்பிட்டீர்கள் என்றும் கேட்பார். களி தின்றால் சர்க்கரை ஏறாது என்று அம்மா உறுதியாக நம்பியிருந்தார். "களியும் மாவுதான்மா, உருண்டையைச் சின்னதாக்கிட்டு கீரையைக் கூட்டிக்கோங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் அளவு குறைந்தது. ஒருமுறை அம்மாவின் கணுக்கால் வீக்கத்தைக் கவனித்து, உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னார். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையால் சிலருக்கு அப்படி வீங்குமாம், டாக்டர் வேறு மாத்திரை கொடுத்தார், வீக்கம் வடிந்தது.

குறையும் இருக்கிறது. மாத்திரை வீடு தேடி வருவதால் டாக்டரைப் பார்க்கவே வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. தொடர்ந்து சில மாதம் அம்மாவுக்குச் சர்க்கரை 250-க்கு மேலேயே நின்றது, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே வந்தது. அளவை டாக்டர்தான் மாற்ற முடியும், தன்னார்வலரைக் குறை சொல்லிப் பயனில்லை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே கூட்டிப்போகிறேன், அந்த மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் கேட்டு எடுக்கிறோம், பாதத்தையும் கண்ணையும் பார்க்கச் சொல்கிறோம். உங்கள் வீட்டிலும் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று, தன்னார்வலர்களுக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகைதான். வெயிலில் வீடு வீடாக நடக்கும் வேலைக்கு அது போதாது, கட்டாயம் உயர்த்த வேண்டும்.