பங்குப் பள்ளியா, சபைப் பள்ளியா, ஞாயிறு மறைக்கல்வி மட்டுமா?

சிஸ்டர் ஸ்கூலில் சேர்த்துவிட்டால் பிள்ளை பக்தியாக வளர்ந்துவிடும் என்பது நம் வீடுகளில் பழைய நம்பிக்கை. பள்ளி ஒரு முடிவு, பங்கு, அதாவது குடும்பம் சேர்ந்திருக்கும் கோயில் சமூகம், வேறொரு முடிவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதித் தொல்லை. தமிழ்நாட்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள்: கோயில் வளாகத்திலேயே இருக்கும் அரசு உதவிபெறும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளி, துறவற சபையார் நடத்தும் மெட்ரிக் பள்ளி, வேறு ஏதோ ஒரு பள்ளியில் படிக்கவைத்து, மறைக்கல்விக்கு (விசுவாசப் பாடத்துக்கு) மட்டும் ஞாயிறுதோறும் பங்குக்கு அனுப்புவது.

முதலில் காசு. பாடநூல் விஷயத்தில் முதல் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. சமச்சீர்க் கல்வி 2011-ல் எல்லா வகுப்புக்கும் வந்தபின் மெட்ரிக் பிள்ளையும் ஆர்.சி. பள்ளிப் பிள்ளையும் பத்தாம் வகுப்பில் ஒரே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். மெட்ரிக்கில் கட்டணம் கொடுப்பது ஆங்கிலவழிக்கும், பேருந்துக்கும், கட்டடத்துக்கும், சபையின் பெயருக்கும். உதவிபெறும் பள்ளியிலோ நிரந்தர ஆசிரியரின் சம்பளம் அரசிடமிருந்து வருகிறது, சத்துணவு உண்டு. தொடக்கப் பள்ளியானால் காலை உணவும் உண்டு: ஊரகத்தில் 2024 ஜூலையிலிருந்து, நகரத்தில் 2025 ஆகஸ்டிலிருந்து.

பலர் கவனிக்காமல் கோட்டைவிடுவது பயிற்றுமொழி. உதவிபெறும் பள்ளியில் 6 முதல் 12 வரை தமிழ்வழியில் படித்து உயர்கல்விக்குப் போனால், பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அதே வளாகத்தில் இருக்கும் ஆங்கிலவழிப் பிரிவில் சேர்த்தால் அது கிடையாது. அரசு வேலையில் தமிழ்வழிக்கு உள்ள 20 சதவீத ஒதுக்கீட்டுக்கும் இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேண்டும். இன்னொன்று: மருத்துவப் படிப்பின் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான், உதவிபெறும் பள்ளிக்கு இல்லை. 'கவர்மென்ட் ஸ்கூல் மாதிரிதானே' என்று நம்பிச் சேர்த்தவர்கள் பிளஸ் டூ முடிந்தபின் முழிக்கிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தைக் கேட்டுச் சபையாரின் மெட்ரிக் பள்ளி வாசலில் நிற்பதும் வீண் அலைச்சல். இவை போன்ற சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொல்லிவிட்டது. அதற்குப் பதில், கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு எவ்வளவு நிர்ணயித்திருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத 'கட்டட நிதி' நன்கொடைதான், வேறு பெயர் இல்லை.

ஆர்.சி. பள்ளியின் பலவீனம் ஆசிரியர் எண்ணிக்கை. ஆகஸ்ட் 1 அன்று எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்துப் பணியிடம் கணக்கிடப்படுகிறது. பிள்ளை குறைந்தால் பணியிடம் போகும். பணியிடம் போனால் இன்னும் நாலு பெற்றோர் டி.சி. வாங்குவார்கள். ஓய்வுபெற்றவர் இடத்துக்கு ஒப்புதல் வராமல் தற்காலிக ஆசிரியரை வைத்து ஓட்டும் பள்ளிகளும் உண்டு. அதனால் 'எத்தனை டீச்சர்' என்று கேட்காதீர்கள். 'இந்த வகுப்புக்கு யார், அவர் நிரந்தரமா' என்று கேளுங்கள். பங்குத்தந்தையே தாளாளராக இருக்கும் பள்ளியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் மே, ஜூனில், சாமியார் மாறுவார். கழிப்பறை முதல் ஒழுங்குமுறை வரை பள்ளியின் போக்கும் கூடவே மாறும். சபைப் பள்ளியிலும் சிஸ்டர்கள் மாறுவார்கள், ஆனால் சபையின் நடைமுறை அவ்வளவு சீக்கிரம் மாறாது. இந்த ஒன்றில் சபைப் பள்ளிக்கே மார்க்.

சரி, விசுவாசம்? பள்ளியில் மறைக்கல்விக்கு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ பாடவேளை. கத்தோலிக்கப் பிள்ளைகள் ஓர் அறைக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. பொதுத்தேர்வு ஆண்டு வந்தால் அந்தப் பாடவேளை கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும். பள்ளி கொடுப்பது ஜெபப் பழக்கம், முதல் வெள்ளித் திருப்பலி, ஒரு சூழல். குடும்பத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் பங்குதான்: 20, 30 வீடுகள் சேர்ந்த அன்பியம், பூசையில் சாமியாருக்கு உதவும் பீடச் சிறார், பாடகர் குழு, துக்க வீட்டுக்கு வரும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள். அதனால் மூன்றாம் வழியைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. ஞாயிறு வகுப்புக்குத் தவறாமல் வரும் பிள்ளை, சபைப் பள்ளியில் படித்துக்கொண்டு ஞாயிறன்று டியூஷனுக்குப் போகும் பிள்ளையைவிட நன்றாகவே தேறும். ஒரே நிபந்தனை, ஞாயிறு காலை காலியாக இருக்க வேண்டும். சிறப்பு வகுப்பு வைக்கும் பள்ளியானால் இந்த வழி எட்டாம் வகுப்போடு நின்றுவிடும்.

புதுநன்மையில்தான் (பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்குவது) பள்ளியும் பங்கும் மோதும். பள்ளியில் மறைக்கல்வி படித்தாலும், ஞாயிறு வகுப்பு வருகைப் பதிவு இல்லாமல் புதுநன்மை இல்லை என்று சொல்லும் பங்குகள் உண்டு. பல இடங்களில் தயாரிப்பு கோடை விடுமுறையில் நடக்கும். அப்போது ஊருக்குப் போனால் அடுத்த ஆண்டுதான். மூன்றாம் வகுப்பு தொடங்கும்போதே மறைக்கல்விப் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

எந்தப் பங்கு என்பதை உங்கள் வீட்டு முகவரி தீர்மானிக்கும். திருச்சபைச் சட்டப்படி பங்கு என்பது பொதுவாக எல்லை சார்ந்தது. வேறு கோயிலில் பூசை காணத் தடையில்லை. ஆனால் பூசைக்குத் திருத்தலம், சான்றுக்கு மட்டும் பங்கு என்று நடக்கும் குடும்பத்தை எந்த அன்பியத்துக்கும் தெரியாது. குடிமாறியதும் பழைய பங்கின் கடிதம், திருமணச் சான்று, பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்று மூன்றோடும் புதிய பங்குக்குப் போய் அங்கே குடும்ப அட்டை போடுங்கள். பள்ளி கேட்கும் பரிந்துரைக் கடிதத்துக்காகச் சேர்க்கை நேரத்தில் முதன்முதலாக அலுவலக வாசலில் நின்றால், பாக்கிச் சந்தாவும் நான்கு வருடக் கேள்விகளும் காத்திருக்கும். ஆறு மாதம் முன்னால் போனால் அதே கடிதம் ஐந்து நிமிட வேலை.

சான்றில் ஒரு பொறி இருக்கிறது. பிறப்புச் சான்றில் 'ஆரவ்', கோயில் பதிவேட்டில் 'மரிய அந்தோணி'. பள்ளி முதலாவதைப் பார்க்கும், கோயில் இரண்டாவதை. ஞானஸ்நானத்தன்றே புனிதரின் பெயரோடு பிறப்புச் சான்றுப் பெயரையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பதிவேட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் காலியிடம் விட்டிருப்பார்கள். பின்னாளில் உறுதிபூசுதலும் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் அருட்சாதனம்) திருமணமும் அங்கேதான் ஏறும். பிள்ளைக்கு விடுதியிலோ வேறு பங்கிலோ உறுதிபூசுதல் நடந்தால், ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் போனதா என்று நீங்களே கேட்டு உறுதிப்படுத்துங்கள். லேமினேட் செய்து பீரோவில் வைத்த பழைய சான்று திருமண ஓலைக்கு (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்புக்கு) உதவாது. அந்தக் குறிப்புகளோடு புதிதாக எடுத்ததைத்தான் கேட்பார்கள்.

எங்கள் கணிப்பு: நடந்துபோகும் தூரத்தில், நிரந்தர ஆசிரியரோடு ஓர் ஆர்.சி. பள்ளி இருந்தால் ஐந்தாம் வகுப்புவரை அதை மிஞ்ச எதுவுமில்லை. பள்ளி நண்பர்களே கோயில் நண்பர்களாகவும் இருப்பார்கள். ஆறாம் வகுப்பில் மறுபடி யோசியுங்கள். அரசு வேலை, கல்லூரி உதவித்தொகை கணக்கில் இருந்தால் தமிழ்வழியிலேயே தொடருங்கள். அடிக்கடி ஊர் மாறும் வேலையானால் சபைப் பள்ளி; ஒரே சபைக்குப் பல ஊர்களில் பள்ளி இருக்கும், இடமாற்றத்தின்போது தலைமை சிஸ்டரின் ஒரு போன் உதவும்.

சேர்க்கைக்கு முன் ஒரு சாதாரண ஞாயிறன்று, திருவிழா நாளில் அல்ல, அந்தப் பங்கின் மறைக்கல்வி வகுப்பை வாசலில் நின்று எட்டிப்பாருங்கள். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பெஞ்சில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். சின்ன வகுப்பு எல்லாப் பங்கிலும் நிறைந்துதான் இருக்கும்.