சைபர்பங்க் 2077: பேட்ச் தொடாத குறை

சைபர்பங்க் 2077 விளையாட்டை அது வெளியான 2020 டிசம்பரிலிருந்து கணினியில் விளையாடி வருகிறேன். இடையில் மாதக்கணக்கில் தொடாமல் விட்டதும் உண்டு, பெரிய பேட்ச், அதாவது குறைகளைத் திருத்தி நிறுவனம் அனுப்பும் புதுப்பிப்பு, வரும்போதெல்லாம் புதிய கதாபாத்திரத்தோடு முதலிலிருந்து தொடங்கியதும் உண்டு. கிராபிக்ஸ் பற்றியும், காட்சி எவ்வளவு சீராக ஓடுகிறது என்பதைக் காட்டும் எஃப்பிஎஸ் பற்றியும் போதுமான அளவு பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது, இந்த விளையாட்டு கடைக்கு வருவதற்கு மூன்று நாட்களுக்கு முன் வெளியான ஒரு விமர்சனத்தைப் பற்றியும், ரசிகர்கள் அதை எதிர்கொண்ட விதத்தைப் பற்றியும், இத்தனை ஆண்டு விளையாடிய பிறகு அந்த விமர்சனத்தில் எது நிற்கிறது என்பதைப் பற்றியும். கதையின் முதல் பகுதியில் நிகழும் ஒரு முக்கியமான மரணத்தைக் குறிப்பிடாமல் இதை எழுத முடியாது. இறுதி முடிவுகள் எதையும் சொல்லவில்லை.

2020 டிசம்பர் 7 அன்று விமர்சனங்களை அதுவரை வெளியிடக் கூடாது என்று நிறுவனம் விதித்திருந்த தடை நீங்கியது. போலந்தைச் சேர்ந்த சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2012-இல் அறிவித்து, 2020-இல் மட்டும் மூன்று முறை தேதியைத் தள்ளிவைத்த விளையாட்டு அது. தி விட்சர் 3 என்ற விளையாட்டை எடுத்தவர்கள், கியானு ரீவ்ஸ் நடிக்கிறார், எண்பது லட்சம் பேர் முன்பதிவு செய்திருக்கிறார்கள் என்று எதிர்பார்ப்பு உச்சத்தில் இருந்தது. அன்று வந்த விமர்சனங்களின் சராசரி, மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு 90-ஐ ஒட்டி இருந்தது. அவற்றுக்கிடையே கேம்ஸ்பாட் தளத்தின் பெண் விமர்சகர் ஒருவர் பத்துக்கு ஏழு கொடுத்திருந்தார். அந்தத் தளத்தின் அளவுகோலில் ஏழு என்றால் நல்ல விளையாட்டு என்றே பொருள். பக்க மிஷன்கள் சிறப்பாக இருக்கின்றன, முக்கியக் கதாபாத்திரங்கள் வலுவானவை, ஆனால் பக் எனப்படும் மென்பொருள் பிழைகள் மிகுந்திருக்கின்றன, உலகம் மேலோட்டமாக இருக்கிறது, நாம் செய்வதற்கு ஒரு நோக்கம் இருப்பதாகத் தோன்றவில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம்.

இதற்கு வந்த எதிர்வினை இன்று நினைத்தாலும் வருத்தம் தருகிறது. அவருக்கு விளையாடவே தெரியாது, கவனத்தை ஈர்க்க வேண்டுமென்றே மதிப்பெண்ணைக் குறைத்தார் என்றெல்லாம் குற்றம் சாட்டினார்கள். பழைய விமர்சனங்களைத் தோண்டியெடுத்து, ஒரு பெண் என்பதைக் குறிவைத்துத் தாக்கினார்கள். விளையாட்டு வெளியானது டிசம்பர் 10 அன்று. ஆகவே அந்த மூன்று நாட்களில் கொதித்தெழுந்தவர்களில் ஏறத்தாழ எவருமே அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. விமர்சகரோ கதையை முடித்துவிட்டு எழுதியிருந்தார். அதே நாளில் கேம் இன்ஃபார்மர் இதழின் விமர்சகர் ஒருவர், விளையாட்டில் வரும் பிரெயின்டான்ஸ் (இன்னொருவரின் அனுபவப் பதிவைத் தலைக்குள் ஓட்டிப் பார்ப்பது) காட்சி தொடங்கும்போது மின்னும் சிவப்பு வெள்ளை விளக்குகளால் தமக்கு வலிப்பு வந்ததாகவும், கால்கை வலிப்பு உள்ளவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் எழுதினார். அவருக்குச் சிலர் மின்னும் ஒளிக் காணொளிகளைத் திட்டமிட்டு அனுப்பினார்கள். நிறுவனம் பின்னர் எச்சரிக்கை அறிவிப்பைச் சேர்த்து, அந்தக் காட்சியையும் மாற்றியது. ஒரு வாசகரின் உடல்நலத்தைக் காக்க எழுதப்பட்ட குறிப்புக்குக்கூட இதுதான் பதில் என்றால், கதை சரியில்லை என்று சொன்னவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. 2013-இல் இதே கேம்ஸ்பாட்டில் ஜிடிஏ 5 என்ற விளையாட்டுக்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்து, அதில் பெண்களைக் காட்டிய விதத்தைக் குறை கூறிய விமர்சகரைப் பணிநீக்கம் செய்யக் கோரி இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். மதிப்பெண் ஏழானாலும் ஒன்பதானாலும் இந்தக் கோபத்தின் தன்மை மாறுவதில்லை.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். விமர்சகர்களுக்கு முன்கூட்டியே அனுப்பப்பட்டவை கணினிப் பிரதிகள் மட்டுமே; தாங்கள் பதிவு செய்த காட்சிகளை வெளியிடவும் அவர்களுக்கு அனுமதியில்லை. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய பழைய கன்சோல்களுக்கான பதிப்புகளின் நிலை வாங்கியவர்களுக்கு வீட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு வாரத்திலேயே சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்து விளையாட்டை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அது மீண்டும் அங்கே விற்பனைக்கு வந்தது 2021 ஜூன் 21 அன்று. 2021 ஜனவரியில் நிறுவனத்தின் இணைத் தலைவர் மார்சின் இவின்ஸ்கி காணொளியில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். ரசிகர்களின் கோபம் அப்படியே திசை திரும்பியது. ஏழு கொடுத்தது அநியாயம் என்றவர்களின் இடத்தில், ஒன்பதும் பத்தும் கொடுத்தவர்கள் விலைபோனவர்கள் என்ற குரல் எழுந்தது. கேம்ஸ்பாட் விமர்சனத்தைப் பலர் அப்போது பாராட்டவும் செய்தார்கள், ஆனால் அதிலிருந்த 'பக்' என்ற ஒரு சொல்லுக்காக மட்டும். அவர் கதையைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எழுதியிருந்ததை அன்று திட்டியவர்களும் படிக்கவில்லை, பிறகு பாராட்டியவர்களும் படிக்கவில்லை என்பதே என் எண்ணம்.

அந்தக் குறை என்ன என்பதை விளையாட்டிலிருந்தே காட்டுகிறேன். முதல் பகுதியில் வி என்னும் நம் கதாபாத்திரமும் நண்பன் ஜாக்கி வெல்ஸும் கொன்பெக்கி பிளாசாவில் ரெலிக் என்ற சிப்பைத் திருடுகிறார்கள். தப்பி வரும் வழியில் டாக்ஸியின் பின்னிருக்கையிலேயே ஜாக்கி உயிர்விடுகிறான். வியின் தலையில் பொருத்தப்பட்ட சிப்பில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த ராக் பாடகன் ஜானி சில்வர்ஹேண்டின் மனம் குடியிருக்கிறது. அது மெல்ல மெல்ல வியை அழித்துக்கொண்டிருக்கிறது. மருத்துவர் விக்டர் கண்ணைப் பார்த்துச் சொல்லத் தயங்கி, இன்னும் சில வாரங்களே இருக்கின்றன என்கிறார். இந்தக் காட்சி எழுதப்பட்ட விதமும் நடிக்கப்பட்ட விதமும் அபாரமானவை. அதை முடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தால், வெளியீட்டுப் பதிப்பில், கைப்பேசி அடித்துக்கொண்டே இருக்கும். கூலிப்படையினருக்கு வேலை பிடித்துத் தரும் ஒரு இடைத்தரகர் தன்னிடம் மலிவாக ஒரு கார் இருப்பதாகச் செய்தி அனுப்புவார். அடுத்தவர் இன்னொரு கார். மூன்றாமவர் தன் பகுதியில் சில்லறை வேலைகள் இருப்பதாகச் சொல்வார். நண்பனை இழந்து, சாவின் தேதியையும் கேட்டுவிட்டு வந்த ஒருவரிடம் உலகம் இப்படித்தான் பேசும் என்பது ஆசிரியரின் கூற்றாக இருந்தால் அது கூர்மையான காட்சியாகியிருக்கும். ஆனால் வியும் அந்தச் செய்திகளை எந்தச் சலனமும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறார். கதை ஓடச் சொல்கிறது, வரைபடம் ஊர்சுற்றச் சொல்கிறது.

நோக்கம் தெரியவில்லை என்று விமர்சகர் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். இதற்கு நியாயமான மறுப்பு ஒன்றும் அன்றே எழுந்தது, அதை ஒதுக்கிவிட முடியாது. திறந்தவெளி விளையாட்டுகள் எல்லாவற்றிலும் இந்த முரண் இருக்கிறது, தி விட்சர் 3-இலும் காணாமல் போன பெண்ணைத் தேடுவதை நிறுத்திவிட்டுச் சீட்டாடலாம், அதற்கெல்லாம் யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லையே என்று சிலர் பொறுமையாகவே கேட்டார்கள். ஆனால் அந்த விளையாட்டில் ஊர் ஊராகப் போய் அரக்கர்களைக் கொன்று கூலி வாங்குவதுதான் நாயகனின் தொழில். தேடிப்போகும் வழியில் அதைச் செய்வதில் பொருத்தம் இருக்கிறது. இங்கே நாயகருக்குள் ஒரு கடிகாரத்தை வைத்தவர்கள் எழுத்தாளர்களே. அதை வைத்துவிட்டு, வேண்டிய மட்டும் சுற்றலாம் என்று அனுமதித்தது அவர்களுடைய தேர்வு. ஆகவே அதைக் கேள்வி கேட்கும் உரிமை விமர்சகருக்கு முழுமையாக இருக்கிறது.

அவர் பாராட்டியதும் சரியாகவே நின்றிருக்கிறது, இதைச் சொல்லாமல் விட்டால் விளையாட்டுக்கு நான் செய்யும் அநீதியாகும். 'சின்னர்மேன்' என்று தொடங்கும் பக்க மிஷன் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ் பாதுகாப்போடு அழைத்துச் செல்லப்படும் ஜோஷுவா என்ற கொலைக் கைதியைக் கொல்ல, அவனால் மனைவியை இழந்த ஒருவர் வியை அமர்த்துகிறார். துரத்திப் போனால், சுடுவதற்குப் பதிலாக வண்டியில் ஏறி உட்காரும் வாய்ப்பு கிடைக்கிறது. சிறையில் மனம் திருந்திய ஜோஷுவா, சிலுவையில் அறையப்பட்டுச் சாகவும், அந்த வேதனையை ஒரு நிறுவனம் பிரெயின்டான்ஸாகப் பதிவு செய்து விற்கவும் ஒப்புக்கொண்டிருக்கிறான். தன்னால் கொல்லப்பட்ட இன்னொருவரின் குடும்பத்தைப் பார்க்கப் போகிறான். அவனை மன்னித்த சகோதரி வரவேற்கிறாள், தாயால் அவனைப் பார்க்கவே முடியவில்லை. கடைசியில் நம்மையே ஆணியடிக்கச் சொல்கிறான். துப்பாக்கிக்கு வேலையே இல்லாத மிஷன் இது. வேண்டுமானால் பாதியிலேயே பணத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடலாம். சாகப்போகும் வி, தன் சாவுக்குப் பொருள் தேடும் இன்னொருவனோடு சில மணி நேரம் கழிக்கிறார் என்பதால், கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பது இங்கே தடையாகத் தெரியவில்லை, காட்சிக்கே அதுதான் கனம் சேர்க்கிறது. ஜாக்கியின் உடலை அவன் குடும்பத்துக்கு அனுப்பினால் நடக்கும் அஞ்சலி நிகழ்ச்சியும் இத்தகையதே. அவனுடைய பொருட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவன் தாய் நடத்தும் மதுக்கூடத்தில் வைத்து, நாலு வார்த்தை பேச வேண்டும். என்ன பேசுவது என்பதை ஒவ்வொரு முறையும் யோசித்தே தேர்ந்தெடுக்கிறேன்.

இனி பேட்ச்களுக்கு வருகிறேன். 2022 பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்புதான் முதல் பெரிய மாற்றம்; என் கணினியில் விளையாட்டு அப்போதிருந்துதான் சீராக ஓடத் தொடங்கியது. 2023 செப்டம்பர் 21 அன்று வந்த 2.0 பதிப்பு, கதாபாத்திரத்தின் திறன்களை வளர்க்கும் பெர்க் அமைப்பையும் போலீஸையும் புதிதாகக் கட்டியது. முன்பெல்லாம் தவறிப்போய் ஒருவரை இடித்தால் முதுகுக்குப் பின்னால் வெறுங்காற்றிலிருந்து போலீஸ்காரர்கள் முளைப்பார்கள். இப்போது வண்டியில் துரத்தி வருகிறார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வந்த 2.1 மெட்ரோ ரயிலைக் கொண்டுவந்தது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் 2022-ஆம் ஆண்டுக்கான 'லேபர் ஆஃப் லவ்' விருதும், தி கேம் அவார்ட்ஸ் 2023-இல் தொடர்ந்து மேம்படுத்தப்படும் சிறந்த விளையாட்டுக்கான விருதும் கிடைத்தன. அந்தப் பாராட்டுகளுக்கு அந்தக் குழு முழுத் தகுதி உடையது. கைவிட்டுவிட்டு அடுத்த விளையாட்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. இதையொட்டி ரசிகர்களிடையே ஒரு புதிய வாதம் பரவியது: விளையாட்டு சரியாகிவிட்டது, ஆகவே அன்றைய ஏழு மதிப்பெண் காலாவதியாகிவிட்டது. இதைத்தான் நான் ஏற்கவில்லை. கார் விற்கும் செய்திகளின் தொல்லை போய்விட்டது, உண்மை. ஆனால் விக்டர் சொல்லும் சில வாரங்கள் அப்படியேதான் இருக்கின்றன. மெட்ரோ வந்ததால் உலகம் அழகாகியிருக்கிறது, வி ஏன் அதில் ஏறி வேடிக்கை பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. பக் என்று அவர் எழுதிய வரி இன்று பொருந்தாது. நோக்கம் பற்றி எழுதியது இன்றும் பொருந்துகிறது.

அந்தக் குறைக்கு உண்மையான பதில், என் பார்வையில், பேட்சில் வரவில்லை, 2023 செப்டம்பர் 26 அன்று வந்த 'ஃபேன்டம் லிபர்ட்டி' என்ற டிஎல்சியில்தான், அதாவது தனியாக விற்கப்படும் கூடுதல் கதைப் பகுதியில்தான் வந்தது. டாக்டவுன் என்ற சிறிய, மதில் சூழ்ந்த பகுதிக்குள் கதை நடக்கிறது. சாங்பேர்ட் என்ற பெண் வியின் உயிரைக் காப்பாற்ற வழி இருப்பதாகச் சொல்லி உள்ளே இழுக்கிறாள். அவளும் வியைப் போலவே உள்ளுக்குள் அழிந்துகொண்டிருப்பவள். இட்ரிஸ் எல்பா நடித்த ரீட் என்ற உளவாளியின் பக்கம் நிற்பதா, அவள் பக்கம் நிற்பதா என்பதே முழுக் கதையும். உயிர் பிழைக்க வேண்டும் என்ற வியின் ஆசையை வைத்து எல்லோரும் பேரம் பேசுகிறார்கள். ஆகவே கடிகாரம் ஒவ்வொரு உரையாடலிலும் கேட்கிறது. பகுதி சிறியது என்பதால் பக்க வேலைகளும் அதே ஆட்களையும் அதே தெருக்களையும் சுற்றியே வருகின்றன. முதலில் எழுதியபோது விட்ட இடத்தைத் தயாரிப்பாளர்கள் தாங்களே கண்டறிந்தார்களா, விமர்சனங்களைப் படித்து உணர்ந்தார்களா என்பது முக்கியமல்ல. அந்த ஏழு மதிப்பெண் விமர்சனத்தை இந்த டிஎல்சியை முடித்த கையோடு மறுபடி படித்தால், இல்லை என்று அதில் சொல்லப்பட்டது இங்கே கதையாகியிருப்பது தெரியும்.

இப்போது புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு: பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், கணினி ஆகியவற்றில் தயங்காமல் வாங்கலாம். பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்புகளுக்கு 2.0 வரவில்லை, டிஎல்சியும் இல்லை என்பதால் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கியவர்கள் இடைத்தரகர்களின் சில்லறை வேலைகளில் கூடுமானவரை அதிகமாக முதல் பகுதியிலேயே, ஜாக்கி உயிரோடு இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். பெயர் எடுக்கத் துடிக்கும் இரண்டு கூலிப்படையினரின் கதைக்கு அவை இயல்பாகப் பொருந்துகின்றன. விக்டரின் அறையிலிருந்து வெளியே வந்த பிறகு ஜூடி, பேனம், ஜோஷுவா போன்ற பெயருள்ள மனிதர்களின் மிஷன்களை மட்டும் எடுத்துக்கொண்டு முதன்மைக் கதையோடு சேர்ந்து நகருங்கள், டாக்டவுன் அழைப்பு வந்ததும் மற்றதை நிறுத்திவிட்டு அதற்குப் போங்கள். கடைசியாகத் தொடங்கிய கதாபாத்திரத்தை நான் இப்படித்தான் நடத்திச் சென்றேன், விக்டர் சொன்ன சில வாரங்களை அந்த முறைதான் முதன்முதலாக நம்ப முடிந்தது.