பாராட்டும் முறை பற்றிய ஆசிரியர் பயிற்சி: மதுரையில் இரண்டு நாட்கள்

பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுத்துவிட்டது. பிரம்பைக் கீழே வைத்த பிறகு வகுப்பை எப்படி நடத்துவது என்று எங்களுக்கு முறையாகச் சொல்லித்தந்தவர்கள் குறைவு. மேலூர்ப் பக்கம் ஏழாம் வகுப்பு எடுக்கும் நான், தல்லாகுளத்தில் ஒரு தனியார் நிறுவனம் நடத்திய இந்தப் பயிற்சிக்குச் சொந்தப் பணம் கட்டிப் போனதற்கு அதுவே காரணம்.

முதல் நாள் மிக நன்றாக இருந்தது. எங்களை இருவர் இருவராக உட்காரவைத்து, 'வெரிகுட்', 'சமர்த்து' என்ற சொற்கள் வராமல் பாராட்டச் சொன்னபோது, இருபது ஆண்டு பாடம் நடத்தியவர்களும் திணறினோம். "தம்பி, கையைத் தூக்கிட்டு உன் முறை வர்ற வரைக்கும் காத்திருந்தே, அதனால அந்தப் பிள்ளை சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு" என்று ஒருவர் சொன்னதும், மாணவனாக நடித்த ஐம்பது வயது ஆசிரியர் தம்மை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். செய்த செயலைச் சொல்லிப் பாராட்டுவது என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

விதிகளைச் சொல்வதால் மட்டும் வகுப்பு பெரிதாக மாறவில்லை, சிறு குறும்புகளைக் கண்டுகொள்ளாமல் நல்ல நடத்தையைப் பாராட்டியபோதே மாறியது என்று அமெரிக்காவில் மேட்சன், பெக்கர், தாமஸ் ஆகியோர் 1968இல் வெளியிட்ட ஆய்வையும், அறிவைப் புகழப்பட்ட குழந்தைகள் தோல்விக்குப் பின் எளிதில் சோர்ந்தார்கள், முயற்சியைப் புகழப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள் என்று உளவியல் ஆய்வாளர்கள் மியூல்லரும் டுவெக்கும் 1998இல் காட்டியதையும் தெளிவாக விளக்கினார்கள்.

ஒவ்வொரு பாராட்டுக்கும் ஒரு புளியங்கொட்டையை ஒரு டப்பாவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் பழக்கத்தையும் கற்றுக்கொடுத்தார்கள். திங்கட்கிழமை பத்துக் கொட்டைகளோடு தொடங்கினேன். மதிய மணி அடித்தபோது மூன்றுதான் இடம் மாறியிருந்தன, அவற்றில் இரண்டு முதல் பெஞ்சில் இருக்கும் ஒரே மாணவிக்குப் போனவை. கடைசி பெஞ்சுப் பையன்களை நான் பார்ப்பதே இல்லை என்பதை அந்த டப்பாதான் எனக்குக் காட்டியது. வளர்ந்த பையன்கள் எல்லார் முன்னும் புகழப்படக் கூசுவார்கள், அருகில் போய் மெல்லச் சொல்லுங்கள் என்ற அறிவுரையும் பலித்தது.

இரண்டாம் நாள் ஏமாற்றம். காட்டிய வீடியோக்கள் எல்லாம் இருபது பேர் இருக்கும் வெளிநாட்டு வகுப்புகள். என் வகுப்பில் 46 பேர். எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம், அடிதடியையும் சாதியைச் சொல்லிக் கேலி செய்வதையும் எப்படி உடனே நிறுத்துவது என்று நான் கேட்ட கேள்விக்கு நேரமில்லை என்று கடந்துபோனார்கள். இதில் எல்லைக்கோடு தெரியாத ஆசிரியர் பாதிக்கப்பட்ட பிள்ளையைக் கைவிட்டுவிடுவார். பயிற்சிக்குப் பின் யாரேனும் வகுப்புக்கு வந்து பார்த்துத் திருத்தாவிட்டால் பழைய பழக்கம் விரைவில் திரும்பிவிடும். அதற்கும் ஏற்பாடு இல்லை, சான்றிதழோடு முடித்துக்கொண்டார்கள்.

முதல் நாளுக்காக நிச்சயம் போகலாம். முடிந்தால் ஒரே பள்ளியிலிருந்து இருவராகப் போங்கள். நானும் எங்கள் தமிழாசிரியையும் இப்போது வாரம் ஒரு பீரியட் ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்கார்ந்து கொட்டைகளை எண்ணுகிறோம். போன வாரம் எனக்கு ஏழு, அவற்றில் நான்கு கடைசி பெஞ்சுக்கு.