முதல் அக்ரகாரத்துல வாங்குன ரோமன் நம்பர் சுவர் கடிகாரம், மூணு மாசம் கழிச்சு எழுதுற ரிவ்யூ

விலை 780 ரூபா, சேலம் முதல் அக்ரகாரத்துல ஒரு சின்ன வாட்ச் கடையில வாங்குனது. மர ஃப்ரேம், வெள்ளை டயல், கருப்புல பெருசு பெருசா ரோமன் நம்பர். அழகுக்காக வாங்கல, பாப்பாவுக்காக வாங்குனேன். அவ அஞ்சாம் வகுப்பு, நோட்டு லேபிள்ல எல்லாம் "வி பி"ன்னு தான் எழுதியிருக்கும், அந்த வி அஞ்சுன்னு தெரியாம ஏதோ இங்கிலீஷ் எழுத்துன்னே நெனச்சிட்டு இருந்திருக்கா, கணக்குல அந்த பாடம் வந்தப்ப தான் எனக்கே தெரிஞ்சுது.

முதல்ல 60 ரூபாக்கு ஒரு லேமினேட் ரோமன் நம்பர் சார்ட் வாங்கி ஒட்டுனேன். ரோமன்ல ஐ (I) ஒண்ணு, வி (V) அஞ்சு, எக்ஸ் (X) பத்து, எல் (L) அம்பது, சி (C) நூறு, டி (D) ஐநூறு, எம் (M) ஆயிரம். தயவு செஞ்சு சார்ட் வாங்குறவங்க 49-ம் 99-ம் எப்படி போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு வாங்குங்க. நான் வாங்குனதுல 49-க்கு ஐஎல், 99-க்கு ஐசின்னு அச்சடிச்சிருந்தாங்க, ரெண்டுமே தப்பு. ஐங்கற எழுத்த வி, எக்ஸ் இந்த ரெண்டுக்கு முன்னாடி மட்டும் தான் கழிக்க போடலாம், எக்ஸ எல், சி முன்னாடி, சிய டி, எம் முன்னாடி, அவ்ளோ தான். அப்ப 49 வந்து நாப்பது தனியா எக்ஸ்எல், ஒம்பது தனியா ஐஎக்ஸ், சேத்தா எக்ஸ்எல்ஐஎக்ஸ். 99 எக்ஸ்சிஐஎக்ஸ். கொழந்தைங்க பாத்து படிக்கிற சார்ட்ல இப்படி பண்ணா எவ்ளோ கோவம் வரும், அன்னைக்கே கிழிச்சு போட்டேன்.

இப்ப கடிகாரத்துக்கு வரேன். வீட்டுக்கு கொண்டு வந்து மாட்டுனதும் எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு நாலு தப்பா இருக்கு, திருப்பி குடுத்துடலாம்னாரு. புக்ல 4-க்கு ஐவி, இதுல நாலு கோடு, ஐஐஐஐ. மறுநாள் எடுத்துட்டு போனேன். கடைக்கார அண்ணன் சிரிச்சுட்டு, "அது தப்பில்லம்மா, கடிகாரத்துல காலங்காலமா அப்படி தான் போடுறது, இங்க பாருங்க"ன்னு கடையில தொங்குன இன்னும் மூணு ரோமன் டயல காட்டுனாரு, எல்லாத்துலயும் நாலு கோடு தான். ஆனா லண்டன் பிக் பென் கடிகாரத்துல ஐவின்னு இருக்குமாம், வீட்டுக்கு வந்து போட்டோ பாத்தேன், ஆமா. ஏன் இப்படின்னு பல காரணம் சொல்றாங்க, எனக்கு பிடிச்சது இது: முதல் நாலு நம்பர்ல வெறும் கோடு மட்டும், அடுத்த நாலுலயும் வி இருக்கு, கடைசி நாலுலயும் எக்ஸ் இருக்கு, டயல் மூணு பங்கா சரியா பிரிஞ்சு நிக்குது. பாப்பாவுக்கு இத காட்டுனதும் பன்னெண்டு வரைக்கும் ஒரே நாள்ல வந்துடுச்சு, பரிட்சையில மட்டும் ஐவின்னு எழுது கண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

பன்னெண்டுக்கு மேல கடிகாரம் உதவாது, அங்க நம்ம தமிழ் தான் உதவுச்சு. இத யாரும் எனக்கு சொல்லி தரல, அவளோட உக்காந்து எழுதும்போது தோணுனது. ஒன்பதுங்கறதுல பத்தோட "பது" இருக்கு, ரோமன்லயும் ஐஎக்ஸ்ல பத்தோட எக்ஸ் இருக்கு. தொண்ணூறுல நூறு இருக்கு, எக்ஸ்சில நூறோட சி இருக்கு. தொள்ளாயிரத்துல ஆயிரம் இருக்கு, சிஎம்ல ஆயிரத்தோட எம் இருக்கு! நாலு, நாப்பது, நானூறுக்கு இது ஒத்து வராது, அத மனப்பாடம் பண்ண வேண்டியது தான். ஆனா வருஷம் எழுத இத விட சுலபமான வழி இல்ல, வாயில சொல்ற மாதிரியே எழுதிட்டு போகலாம். மேட்டூர் டேம் கட்டி முடிச்ச வருஷம் 1934, ஆயிரத்து எம், தொள்ளாயிரத்து சிஎம், முப்பத்தி எக்ஸ்எக்ஸ்எக்ஸ், நாலு ஐவி. சேலம் ஜில்லா உருவான 1792, எம், டிசிசி, எக்ஸ்சி, ஐஐ. ஒரே எழுத்து தொடர்ந்து மூணு தடவைக்கு மேல வராது, வி, எல், டி ரெண்டு தடவை கூட வராது. ஒரே ஒரு குழப்பம், தமிழ்ல ஐன்னா அஞ்சு ஞாபகம் வரும், இங்க அது ஒண்ணு.

படிச்சது எங்க உதவும்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். எங்க மாமியார் பூஜை ரூம் டப்பால பழைய வெள்ளி ரூபா வச்சிருக்காங்க, பாப்பா அத எடுத்து, ஜார்ஜ் ராஜா பேருக்கு பின்னாடி இருக்குற வி, விஐ-ய பாத்துட்டு இது அஞ்சாம் ஜார்ஜ், இது ஆறாம் ஜார்ஜ்னு தனித்தனியா அடுக்குனா. அஞ்சாம் ஜார்ஜ் ரூபால நூத்துக்கு 91.7 பங்கு வெள்ளி, ஆறாம் ஜார்ஜ்ல 1940-ல இருந்து பாதி தான் வெள்ளி, 1947 ரூபா வெறும் நிக்கல். வி-க்கு பின்னாடி ஒரு கோடு இருக்கா இல்லையாங்கறதுல இவ்ளோ இருக்கு. சேலத்துல வெள்ளி வியாபாரம் நடக்குற செவ்வாய்பேட்டைக்கு பழைய காசு எடுத்துட்டு போறவங்க அந்த கோட்டையும் வருஷத்தையும் பாத்துட்டு போங்க. மாமியார் கண்ணாடிய போட்டுட்டு ஒவ்வொண்ணா திருப்பி பாத்துட்டு, "இத்தன வருஷமா நான் சத்தத்த வச்சு தானே பிரிச்சேன் சாமி"ன்னாங்க.

குறைன்னா ரெண்டு. கீழ் பக்க நம்பர் எல்லாம் நடுவ பாத்து தலைகீழா நிக்கும், 6-ம் 7-ம் 8-ம் சின்ன புள்ளைங்களுக்கு மொதல்ல குழப்பும், அதனால மாட்டுறதுக்கு முன்னாடி கையில குடுத்து சுத்தி சுத்தி படிக்க விடுங்க. இன்னொண்ணு டிக் டிக் சத்தம், ராத்திரி நல்லா கேக்குது, பெட்ரூம்ல இருந்து கழட்டி ஹால்ல மாட்டிட்டோம். மூணு மாசத்துல நேரம் ஒரு நிமிஷம் கூட பின்ன போகல, ஒரு பென்சில் பேட்டரி தான், இன்னும் மாத்தல. ஆறு மாச வாரண்டி பில்லுலயே எழுதி குடுத்தாரு, பில்ல கேட்டு வாங்கிக்கோங்க.