பிரெஞ்சா, பிரிட்டிஷா, இந்தியாவா? ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3-இல் யாரை எடுப்பது

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3 என்ற கம்ப்யூட்டர் கேமை ஆட உட்கார்ந்தால் புதுச்சேரிப் பையன்கள் பிரெஞ்சை எடுப்பார்கள், கடலூர்ப் பையன்கள் பிரிட்டிஷை எடுப்பார்கள். எங்கள் செட்டில் இது எழுதாத சட்டம். ஒருபக்கம் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸ் சிலை, இன்னொருபக்கம் தேவனாம்பட்டினத்தில் பிரிட்டிஷாரின் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம். நடுவில் சுமார் 22 கிலோமீட்டர் சாலை, அவ்வளவுதான். ஊர்ப் பாசத்துக்காக நாட்டைத் தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை. ஆனால் ஆட்டம் கைவிட்டுப் போனதும் "உன் பிரெஞ்சு ரொம்ப ஓவர் பவர் மச்சான்" என்று ஒருவன் கத்துவதும், "நீ மேனர் கட்டிட்டே இருந்தா எப்படிடா ஜெயிப்ப" என்று இன்னொருவன் கிண்டலடிப்பதும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இரண்டையும், கூடவே இந்தியாவையும், அருகருகே வைத்துப் பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு விஷயம். 2005-இல் என்செம்பிள் ஸ்டூடியோஸ் இந்த கேமைக் கொண்டுவந்தபோது இருந்தவை எட்டு ஐரோப்பிய நாடுகள். சண்டை நடந்த இடம் அமெரிக்கக் கண்டம். இந்தியா, சீனா, ஜப்பான் மூன்றும் 2007-இல் ஏசியன் டைனஸ்டீஸ் விரிவாக்கத்தில் வந்து சேர்ந்தன. 2020-இல் டெஃபினிட்டிவ் எடிஷன். டெக்கான், சிலோன் என்று மேப்கள் உண்டு. சோழமண்டலக் கரைக்கு இடமில்லை. பிரிட்டிஷ், பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனிகள் இரண்டும் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டது இங்கேதான் என்பது அதைச் செய்தவர்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை போலிருக்கிறது. கீழே நான் சொல்லும் விலைகள் பழைய பதிப்பிலிருந்தே பழகியவை. பிறகு வந்த பேட்சுகள் அங்கங்கே கைவைத்திருந்தாலும் கணக்கின் போக்கு அதேதான்.

மூன்று நாடுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லோரும் படையில் தேடுகிறார்கள். குதிரை யாருக்கு நல்லது, பீரங்கி யாருக்கு நல்லது என்று. அதெல்லாம் பத்து நிமிடம் கழித்து வரும் பேச்சு. ஆட்டத்தைத் தீர்மானிப்பது மரம் வெட்டி, மான் அடித்து, சுரங்கம் தோண்டும் அந்த வேலையாள். அவர் எங்கிருந்து வருகிறார், என்ன விலைக்கு வருகிறார், எத்தனை பேர் வரை வரலாம்? இந்த மூன்று கேள்விக்கும் மூன்று நாடுகளும் வேறு வேறு பதில் வைத்திருக்கின்றன.

பிரிட்டிஷ் பதில் வீடு. மற்ற ஐரோப்பியர்களின் சாதாரண வீடு 100 மரம். பத்துப் பேருக்கு இடம் தரும். பிரிட்டிஷ்காரர்களின் மேனர் 135 மரம். இடம் அதே பத்துப் பேருக்குத்தான். ஆனால் கட்டி முடிந்த உடனே ஒரு செட்லர், அதாவது வேலையாள், சும்மா வெளியே வந்து நிற்பார். செட்லரின் விலை 100 உணவு. ஆக, 35 மரம் கூடுதலாகக் கொடுத்து 100 உணவு மிச்சம் பிடிக்கிறீர்கள். லாபம் அதோடு நிற்பதில்லை. ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டரில் ஒரு செட்லர் தயாராக 25 விநாடி ஆகும், அந்த வரிசையை யாராலும் ஓரளவுக்கு மேல் வேகப்படுத்த முடியாது. மற்றவர்களுக்கு ஒரே வாசல் வழியாக ஆள் வரும்போது பிரிட்டிஷுக்கு இரண்டாவது வாசல் திறந்திருக்கிறது. மேனர் விலையைக் குறைக்கும் வர்ஜினியா கம்பெனி கார்டை முதல் ஷிப்மெண்டாக, அதாவது தலைநகரிலிருந்து வரும் முதல் உதவியாக, இறக்கிவிட்டால் இன்னும் வசதி. இருபது மேனர் வரை கட்டலாம் என்பதால், எப்படியும் கட்டியாக வேண்டிய வீடுகளிலிருந்தே இருபது ஆள் கிடைத்துவிடுகிறது.

இதில் சிக்கல் மரம். முதல் சில நிமிடங்களுக்குப் பாதிப் பேரைக் காட்டில் நிறுத்த வேண்டும். அந்த நேரம் பாசறை இருக்காது, படை இருக்காது, ஊரைச் சுற்றி வீடு மட்டும் முளைத்துக்கொண்டிருக்கும். எதிரே இருப்பவர் சீக்கிரமே பத்துப் பதினைந்து ஆளை அனுப்பி மரம் வெட்டுபவர்களைத் துரத்த ஆரம்பித்தால் மொத்தத் திட்டமும் ஆட்டம் காணும். பிரிட்டிஷை எடுத்துத் தோற்பவர்களில் பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள், கடைசிச் சண்டையில் இல்லை.

நிஜத்தில் இங்கே பிரிட்டிஷ்காரர்கள் இடம் பிடித்த விதம் இதைவிட வேடிக்கை. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்களிடம் வாங்கும்போது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள நிலமும் சேர்த்து என்று பேச்சு. கோட்டையிலிருந்து சுட்டார்கள், குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்கள் எல்லாம் கம்பெனிக்கு. குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. இதை ஒரு கார்டாக வைத்திருந்தால் நான் மேனரை மறந்துவிட்டு அதைத்தான் எடுப்பேன்.

பிரெஞ்சுக்காரர்களின் பதில் ஆளின் தரம். செட்லருக்குப் பதில் அவர்களுக்கு கூரெர் தெ ப்வா: கனடாக் காடுகளில் தோல் வியாபாரம் செய்த பிரெஞ்சுக்காரர்களை வைத்து உருவாக்கிய பாத்திரம். விலை 120 உணவு. சாதாரண செட்லரைவிட ஏறத்தாழ கால்பங்கு வேகமாக வேலை செய்வார், அடியும் தாங்குவார், துப்பாக்கியை எடுத்தால் ஓரளவு சண்டையும் போடுவார். ஆனால் மற்ற ஐரோப்பியர்களில் பெரும்பாலோர் 99 செட்லர் வரை போகலாம் என்றால் இவர்களுக்கு உச்சவரம்பு 80.

80 என்றதும் பலர் இதைக் குறையாக நினைக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோம். கால்பங்கு வேகம் கூடுதல் என்றால் 80 பேர் ஏறத்தாழ 100 பேர் வேலையைச் செய்துவிடுவார்கள். அதாவது இரண்டு பேரும் உச்சத்தைத் தொட்டபின் பிரிட்டிஷ் வருமானமும் பிரெஞ்சு வருமானமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மொத்த மக்கள்தொகை வரம்பு இருவருக்கும் 200. பிரிட்டிஷுக்குப் படைக்கு மிஞ்சுவது 101 இடம், பிரெஞ்சுக்கு 120. அந்த 19 இடத்தில் ஆறு கியூராசியர் குதிரைவீரர்களை நிறுத்தலாம். முழு வரம்பில் நடக்கும் சண்டையில் ஆறு கியூராசியர் என்பது சாதாரணமில்லை.

ஆக, பிரிட்டிஷுக்கு உள்ள அனுகூலம் நேரம் சார்ந்தது. அவர்கள் சீக்கிரம் ஆள் சேர்க்கிறார்கள், நடு ஆட்டத்தில் முந்துகிறார்கள். அந்த முந்துதலைக் காசாக்காமல் உட்கார்ந்திருந்தால் பிரெஞ்சு எட்டிப்பிடித்துவிடும், பிறகு தாண்டியும் போய்விடும். எங்கள் செட்டில் நாற்பது நிமிட ட்ரீட்டி வைத்து, அதுவரை யாரும் யாரையும் தொடக்கூடாது என்று ஆடும்போது பிரெஞ்சு ஏன் அடிக்கடி ஜெயிக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். ஓவர் பவரும் இல்லை, ஒன்றும் இல்லை.

படை விஷயத்துக்கு வருவோம். கியூராசியர் விலை 150 உணவு, 150 தங்கம். மூன்று இடம் பிடிப்பார். துப்பாக்கி ஏந்திய காலாள் மஸ்கட்டியர் 75 உணவு, 25 தங்கம்; ஓர் இடம். காசிலும் இடத்திலும் சரியாக மூன்றுக்கு ஒன்று. அதனால் இந்த இரண்டையும் மோதவிட்டுப் பார்ப்பது நியாயமான போட்டி. மஸ்கட்டியர் துப்பாக்கி முனைக் கத்தியால் குதிரையைக் குத்தும்போது கூடுதல் சேதம் உண்டு. தாளில் பார்த்தால் மூன்று மஸ்கட்டியருக்கே வெற்றி. ஆனால் கியூராசியரின் வாள் ஒரு வீசலில் பக்கத்தில் நிற்பவர்களையும் சேர்த்து வெட்டும். மஸ்கட்டியர்கள் நெருக்கமாக நின்றால் கணக்கு தலைகீழாகும். இதற்கும் மேல், விவரம் தெரிந்த பிரெஞ்சு ஆட்டக்காரர் குதிரையை முதலில் அனுப்பமாட்டார். தூரத்திலிருந்து சுடும் ஸ்கர்மிஷர்களைத் தள்ளி நிறுத்தி மஸ்கட்டியர் கூட்டத்தைச் சலித்தெடுத்துவிட்டு, மிச்சம் மீதியின் மேல்தான் குதிரையை விடுவார். பிரெஞ்சின் ராயல் கார்டு (Royal Guard) என்ற சிறப்பு மேம்பாடு கிடைப்பதும் இதே இரண்டு படைகளுக்குத்தான்: கியூராசியர், ஸ்கர்மிஷர். ஜோடி பார்த்தே செய்திருக்கிறார்கள்.

பிரிட்டிஷுக்கு ஸ்கர்மிஷர் கிடையாது. அந்த வேலையை லாங்போ வில்லாளிகளை வைத்து ஓட்ட வேண்டும். தூரம் நன்றாக எட்டும், ஆனால் பக்கத்தில் யாராவது வந்துவிட்டால் கதை முடிந்தது. அதனால் எதிரியின் ஸ்கர்மிஷர்களைப் பிடிக்க ஹுசார் குதிரைகளைப் பக்கவாட்டில் வைத்திருப்பது கட்டாயம். பிரிட்டிஷின் ராயல் கார்டு மஸ்கட்டியருக்கும் ஹுசாருக்கும்; அந்த மேம்பாட்டில் ரெட்கோட் ஆன மஸ்கட்டியர் கூட்டம் நேருக்கு நேர் நின்றால் நகர்த்துவது கஷ்டம். நான்காம் யுகத்தில், அதாவது ஆட்டத்தின் நான்காம் கட்டத்தில், ராக்கெட்டும் வரும். அந்த ராக்கெட்டின் பூர்வீகம் மைசூர் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை: 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் திப்புவின் ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின, அதைப் பார்த்துத்தான் ஆங்கிலேயரான காங்கிரீவ் தன்னுடையதைச் செய்தார். கேமில் ராக்கெட் பிரிட்டிஷ் பக்கம். மைசூர் பக்கம் ஒன்றுமில்லை.

இந்தியாவை எடுப்பவர் இந்த இரண்டையும் ஆடிய பழக்கத்தில் வந்தால் தடுமாறுவார். வேலையாளுக்கு உணவு கிடையாது, மரம் கொடுக்க வேண்டும். வீட்டுக்கும் மரம், பாசறைக்கும் மரம், ஆளுக்கும் மரம் என்று எப்போதும் மரப் பஞ்சம். அதை ஈடுகட்ட ஒரு சலுகை: தலைநகரிலிருந்து எந்த ஷிப்மெண்ட் வந்தாலும் கூடவே ஒரு வேலையாளும் வருவார். ஷிப்மெண்டுக்கு எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, வேண்டும். எக்ஸ்பிக்கு மாடு! பெரும்பாலான நாடுகள் மாட்டை வளர்த்து உணவாக்கும், இந்தியாவால் முடியாது. அதற்குப் பதில் புனித வயல் என்று ஒன்றைக் கட்டி அதில் மாட்டைச் சேர்த்தால் எக்ஸ்பி கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும். மாடு எக்ஸ்பி தருகிறது, எக்ஸ்பி ஷிப்மெண்ட் தருகிறது, ஷிப்மெண்ட் ஆளைத் தருகிறது. சங்கிலி ஓட ஆரம்பித்துவிட்டால் நல்ல ருசி. முதல் பத்து நிமிடம் பொறுமை வேண்டும்.

யுகம் மாறுவதும் வேறு மாதிரி. ஐரோப்பியர்கள் ஓர் அரசியல்வாதியைத் தேர்ந்தெடுத்துக் காசைக் கட்டினால் போதும். இந்தியா ஓர் அதிசயத்தைக் கட்ட வேண்டும். ஆக்ரா கோட்டையைக் கட்டினால் அது கோட்டையாகவே நின்று ஊரைக் காக்கும் என்பதால் நான் முதலில் அதைத்தான் கட்டுவேன். யானைப்படை பார்க்கப் பிரமாதம், கட்டடம் இடிக்கப் பிரமாதம். ஆனால் ஒவ்வொன்றும் நிறைய இடத்தை அடைக்கும். தூரத்திலிருந்து சுடும் ஸ்கர்மிஷர் கூட்டத்துக்குள் யானையை மட்டும் ஓட்டிக்கொண்டு போவது காசைக் கடலில் கொட்டுவதுதான். சிப்பாயும் கூர்க்காவும் முன்னால் போகட்டும்.

இந்தியாவில் எனக்கு ரொம்பப் பிடித்தது கான்சுலேட் என்ற கட்டடம். அங்கே ஒரு வெளிநாட்டோடு உறவு வைத்து அவர்கள் படையை, உதவியை வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் பிரிட்டிஷும் உண்டு, பிரெஞ்சும் உண்டு. ஆற்காடு நவாப் பதவிக்காக சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர்களோடும் முகமது அலி ஆங்கிலேயர்களோடும் கைகோத்தது நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நம் பக்கத்து நிஜத்துக்கு இந்த கேம் மிக நெருக்கமாக வரும் இடம் அந்த ஒரு கட்டடம்தான்.

கடற்படையில் பிரிட்டிஷுக்கும் பிரெஞ்சுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. யார் முதலில் துறைமுகத்தில் காசைப் போடுகிறாரோ அவருக்குக் கடல். 1783 ஜூனில் கடலூருக்கு எதிரே கடலில் மோதியபோது கப்பல் எண்ணிக்கையில் குறைந்திருந்த பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன்தான் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸை சென்னைக்குத் திரும்ப வைத்தார் என்று புதுச்சேரி நண்பர்கள் நினைவுபடுத்துவார்கள். சரி, நடந்ததுதான். ஆனால் 1761-இல் புதுச்சேரியைப் பிரிட்டிஷ்காரர்கள் இடித்துத் தரைமட்டம் ஆக்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று வருடம் முன்னால் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்ததையும்தான்.

இனி யார் எதை எடுப்பது? புதிதாக ஆட வருபவருக்கு பிரெஞ்சு என்பேன், யோசிக்காமல். கூரெர் தெ ப்வா அடி தாங்குவதால் எதிரி ஊருக்குள் புகுந்தாலும் உடனே எல்லாம் போய்விடாது, தப்பு செய்யக் கொஞ்சம் இடம் இருக்கிறது. விரல் வேகமும், ஒரே நேரத்தில் வீடும் படையும் கவனிக்கும் பழக்கமும் இருந்தால் பிரிட்டிஷ். இரண்டையும் ஆடிச் சலித்தவர்களுக்கு இந்தியா. இரண்டுக்கு இரண்டு ஆடினால் இந்தியாவை பிரிட்டிஷோடு ஜோடி சேர்ப்பது பிரெஞ்சோடு சேர்ப்பதைவிட எனக்கு நன்றாக வந்திருக்கிறது. ஆரம்பத்தில் பிரிட்டிஷ் முந்தும்போது, மெதுவாகக் கிளம்பும் இந்தியாவுக்குத் தேவையான நேரத்தை வாங்கிக் கொடுக்க முடிகிறது.

கடலூர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று. ட்ரீட்டி வேண்டாம் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே சண்டை போட்டு வாங்குங்கள். ட்ரீட்டி இல்லாத ஆட்டத்தில் ஏழெட்டு மேனர் எழும்பியதும் வீடு கட்டுவதைச் சற்று நிறுத்தி, மஸ்கட்டியரும் லாங்போவும் சேர்த்து இரண்டாம் யுகத்திலேயே வாசலைத் தட்டுங்கள். கியூராசியர் மூன்றாம் யுகத்தில்தான் வருவார். அதுவரை பிரெஞ்சுக்காரர் கையில் உங்களுக்குப் பயம் காட்டும் அளவுக்கு ஒன்றும் இல்லை.