ஷட்டர் திறக்கவில்லை: ஸ்பிரிங் மாற்றுவதா, மோட்டார் போடுவதா, தள்ளு கேட்டுக்குப் போவதா?

திருவான்மியூரில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகக் காரை எடுக்கப் போனேன். கார் ஷெட் ஷட்டர் முழங்கால் உயரம் வந்து நின்றுவிட்டது. மாடி வீட்டுத் தம்பியும் நானும் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை. அன்று ஆட்டோவில்தான் போனோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

மறுநாளுக்குள் ஆளுக்கொரு யோசனை வந்தது. டெக்சாஸில் இருக்கும் மச்சினன், "சென்சார் லென்ஸைத் துடைச்சுப் பாருங்க மாமா" என்றான். பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போடச் சொன்னார். பெரியப்பா, ஷட்டரையே கழற்றிவிட்டுத் தள்ளு கேட் போடச் சொன்னார். பழுது பார்க்க வந்தவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் போயிடுச்சு சார். இதுல மோட்டார் போட்டா அதுவும் எரிஞ்சுரும்" என்றார். இந்த ஒரு வரிதான் எனக்குக் கண்ணைத் திறந்தது.

மச்சினன் சொன்னது அவன் ஊர்க் கதவுக்குப் பொருந்தும். அங்கே கதவு பலகை பலகையாகக் கூரைக்கு அடியில் போய்ப் படுக்கும். 1993 முதல் அமெரிக்காவில் விற்கும் வீட்டுக் கதவு மோட்டார்களில், ஆள் சிக்கிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு கட்டாயம். அதற்காக வைத்த சென்சாரின் லென்ஸ் அழுக்கானால் கதவு மூடாது. அதனால் அங்கே கதவு மூட மறுத்தால் முதலில் சென்சாரைப் பார்க்கிறார்கள். சென்னையில் நாம் வைத்திருப்பது பைப்பில் சுருளும் இரும்புப் பட்டை ஷட்டர். இதற்கு வேறு வைத்தியம்.

பத்தடி அகலம், எட்டடி உயரம் உள்ள, 18 கேஜ் தடிமன் தகட்டு ஷட்டர் சுமார் எண்பது முதல் நூறு கிலோ இருக்கும். அதை ஒரு கையால் தூக்க முடிகிறது என்றால் மேலே பைப்பில் இருக்கும் ஸ்பிரிங்தான் காரணம். இறக்கும்போது அது முறுக்கேறும். ஏற்றும்போது அந்த முறுக்கு நமக்காகத் தூக்கும். ஸ்பிரிங் உடைந்தால் முழு எடையும் நம் கையில். ஆகவே ஷட்டர் கனக்கிறதா, சிக்குகிறதா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே சீராகக் கனத்தால் ஸ்பிரிங். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் நின்றால், ஷட்டர் ஓடும் பக்கவாட்டுச் சேனல் வளைந்திருக்கும் அல்லது ஒரு பட்டை பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். காரை ரிவர்ஸ் எடுக்கும்போது சேனலில் லேசாக இடித்திருந்தால்கூடப் போதும். நல்ல ஷட்டரை இடுப்பு உயரத்தில் விட்டால் ஏறக்குறைய அங்கேயே நிற்க வேண்டும். தொப்பென்று இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. பாதியில் நின்ற ஷட்டருக்கு அடியில் தயவுசெய்து யாரும் குனிந்து போகாதீர்கள். பைப்பின் நட்டை நீங்களே கழற்றவும் வேண்டாம். முறுக்கேறிய ஸ்பிரிங் கையை முறித்துவிடும்.

இனி மூன்று வழிகளையும் பார்ப்போம்.

செலவில் ஸ்பிரிங் மாற்றுவதுதான் மிகக் குறைவு, வேலையும் அரை நாளில் முடியும். கரண்ட் தேவையில்லை. வர்தா புயல் 2016 டிசம்பரில் வந்தபோது பல தெருக்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. கையால் தூக்கும் ஷட்டர்காரர்களுக்கு அதனால் கதவுக் கவலை வரவில்லை. குறை என்னவென்றால், கடலோரத்தில் உப்புக் காற்று ஸ்பிரிங்கையும் அடிப்பட்டையையும் சீக்கிரம் அரிக்கும். பட்டை நன்றாக இருந்தால் ஸ்பிரிங் மட்டும் போதும். பட்டையே பொத்தலாகிவிட்டால் புது ஸ்பிரிங் வீண்; ஜிங்க் பூசிய ஜி.ஐ. பட்டையில் புது ஷட்டரே போட்டுவிடுங்கள். சேனலில் கிரீஸ் தடவுவது நம் ஊர்ப் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிரீஸும் தேங்காய் எண்ணெயும் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு சேனலை அடைக்கும். துணியால் துடைத்துவிட்டு மெழுகுவத்தியைத் தேய்த்தாலோ சிலிகான் ஸ்பிரே அடித்தாலோ போதும். ஷட்டர் பெரிதாக இருந்தால் பைப்பின் இரு முனையிலும் பேரிங் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஸ்பிரிங் மாற்றும்போதே போட்டுவிடலாம்.

மோட்டாரில் இரண்டு வகை. பைப்பின் நடுவில் உட்காரும் சென்ட்ரல் மோட்டார் வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் வருவது. பக்கவாட்டில் நிற்கும் சைடு மோட்டாரைக் குடோன்களில் அதிகம் பார்க்கலாம். அது முழு எடையையும் தானே தூக்கும். சென்ட்ரல் மோட்டார் அப்படியில்லை. அதற்கும் ஸ்பிரிங்கின் துணை வேண்டும். இதைத் தெரியாமல்தான் பலர் உடைந்த ஸ்பிரிங்குக்கு மருந்தாக மோட்டாரை வாங்குகிறார்கள். முதல் மாதம் ஓடும், அப்புறம் சூடாகிச் சூடாகி நிற்கும்.

ஏற்கெனவே மோட்டார் போட்ட வீட்டில் ஷட்டர் திறக்கவில்லை என்றால் சத்தத்தைக் கேளுங்கள். 'ம்ம்ம்' என்று முனகி, சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர்தான் போயிருக்கும். எலக்ட்ரீஷியன் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும் பொருள். சத்தமே இல்லையா? மெயின் போர்டில் கரண்டைத் தானாகத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் விழுந்திருக்கிறதா பாருங்கள். நாலைந்து தடவை தொடர்ந்து ஏற்றி இறக்கியிருந்தால் சூட்டில் தானாக நின்றிருக்கும். இருபது நிமிடம் பொறுங்கள். சுவர் சுவிட்சில் வேலை செய்து ரிமோட்டில் செய்யவில்லை என்றால் முதலில் ரிமோட் பேட்டரியை மாற்றுங்கள். மேலே போய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனாலோ பாதியிலேயே நின்றாலோ, ஷட்டர் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் லிமிட் சுவிட்சைச் சரிசெய்ய வேண்டும்.

மோட்டாரின் பெரிய பலம் வயதானவர்களுக்குத்தான். என் அம்மாவால் ஷட்டரைக் குனிந்து தூக்க முடியாது, பட்டனை அழுத்த முடியும். ஆனால் கரண்ட் போனால்? சென்ட்ரல் மோட்டாரில் பிரேக்கை விடுவிக்கும் ஒயர் ஒன்று தொங்கும். அதை இழுத்துவிட்டுக் கையால் தூக்கலாம், ஸ்பிரிங் நன்றாக இருந்தால் மட்டும். பொருத்திய அன்றே வீட்டில் எல்லோரும் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். ஷட்டர் மட்டுமே வெளியேறும் வழி என்ற வீட்டில், பக்கத்தில் ஒரு சின்னக் கதவு இல்லாமல் மோட்டார் போடுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

பெரியப்பா சொன்ன தள்ளு கேட்டில் ஸ்பிரிங் கிடையாது, தலைக்கு மேல் எடை கிடையாது. அந்தப் பயம் விட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கேட் அகலத்துக்குப் பக்கவாட்டில் காலி மதில் வேண்டும். இருபதடி முகப்பு உள்ள மனையில் அது எங்கே கிடைக்கும்? கொசு, மழைச்சாரல், தெரு நாய் எல்லாம் கம்பி இடுக்கு வழியாக உள்ளே வரும். இன்னொன்று வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை நாம் மறக்கவில்லை. தள்ளு கேட் மோட்டார் தரையோடு உட்காரும், முதலில் நனைவது அதுதான். தண்டவாளத்தில் சேறு நிறைந்தால் கையால் தள்ளுவதும் கஷ்டம். ஷட்டர் மோட்டார் தலைக்கு மேல் இருக்கிறது. தாழ்வான பகுதியில் தள்ளு கேட்தான் வேண்டும் என்றால் மோட்டாருக்கு உயரமான சிமென்ட் மேடை கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் மோட்டாரே வேண்டாம்.

மேட்டுப் பகுதியில் அகலமான மனை இருந்தால் தள்ளு கேட் நல்ல தேர்வு. வாடகை வீடு என்றால் ஸ்பிரிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாங்கள் முதலில் ஸ்பிரிங்கை மாற்றி, வளைந்திருந்த வலது சேனலையும் நிமிர்த்தினோம். இரண்டு மாதம் கையால் தூக்கிப் பார்த்து, இடுப்பு உயரத்தில் நிற்கிறது என்று உறுதியான பிறகுதான் சென்ட்ரல் மோட்டார் போட்டோம். பிரேக் ஒயரின் நுனியில் அம்மா கைக்கு எட்டும்படி ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறேன். வாரம் மூன்று நாள், விடியற்காலை ஐந்து மணிக்கு, அம்மாதான் பட்டனை அழுத்துகிறார்.