ஒரு கிலோ லேப்டாப்போடு ஐந்து வருடம்

2020 கடைசியில் வாங்கினேன். 13 அங்குலத் திரை, சார்ஜரோடு சேர்த்தே 1.2 கிலோ. அதற்கு முன் வைத்திருந்ததை ஒருநாள் வேடிக்கையாகக் காய்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறேன்: சார்ஜரோடு 2.9 கிலோ. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் தினமும் நின்றுகொண்டே போகிறவன் நான். முதல் சில வாரம், லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டேனோ என்று மாம்பலம் வருவதற்குள் இரண்டு முறை பையைத் திறந்து பார்ப்பேன்.

1981இல் 'தூக்கிச் செல்லும் கணினி' என்று விற்ற ஆஸ்போர்ன் 1 ஏறக்குறைய 11 கிலோ. அதிலிருந்து இங்கே வந்து சேர்ந்ததில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் உறுத்தியது ரேம், திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம். 8 ஜிபி. வாங்கியபோது தாராளம், இப்போது பிரவுசரில் இருபது டேப், பக்கத்தில் ஒரு பெரிய எக்செல் என்றால் திணறுகிறது. பழைய லேப்டாப்பில் இப்படி ஆனபோது ஸ்குரூடிரைவரை எடுத்து நானே ரேம் மாற்றினேன். இதில் ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்து பற்றவைத்திருக்கிறார்கள், கழற்றி மாற்ற முடியாது. கம்பெனியின் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் இந்த வகை ரேம் பிராசஸருக்கு ஒட்டியே இருக்க வேண்டும். ஒரே சார்ஜில் எட்டு மணி நேரம் ஓடியதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் வாங்கும்போது கடையில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் வெயில். இதில் ஃபேன் கிடையாது, சத்தமே வராது. சந்தோஷம்தான், மே மாதம் வரும்வரை. ஏசி இல்லாத அறையில் மதியம் இரண்டு மணிக்கு வீடியோ கால் போட்டால், சூடு தாங்காமல் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதே வேலை இரவில் ஒழுங்காக நடக்கிறது.

நான்காம் வருடம் டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. கிளிக் சரியாக விழவில்லை என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். பார்த்த உடனே கடைக்காரர், "சார், பேட்டரி உப்பிடுச்சு. இனிமே சார்ஜ் போடாதீங்க" என்றார். திறந்ததும் தலையணை மாதிரி இருந்தது. பழைய லேப்டாப் பேட்டரிகளுக்குள் 18650 என்ற உருளை செல்கள் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 நீளம். என் லேப்டாப்பின் மொத்தத் தடிமனே 15 மில்லிமீட்டர்தான்! அந்த செல் இதற்குள் நுழையவே நுழையாது. அதனால் தட்டையான பை மாதிரி செல். உலோகக் கூடு இல்லாததால், உள்ளே வாயு சேர்ந்தால் பை வீங்கி மேலே இருப்பதைத் தள்ளுகிறது. முன்பெல்லாம் கொக்கியை நகர்த்தினால் பேட்டரி கையோடு வந்துவிடும். இப்போது பதினோரு திருகு, பசை, 4,500 ரூபாய், அரை நாள்.

இவ்வளவுக்குப் பிறகும் அடுத்தது வாங்கினால் ஒரு கிலோவில்தான் வாங்குவேன். என் தோள்பட்டை வேறு எதற்கும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் ரேம் 16 ஜிபிக்குக் குறையாமல், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யாவது கழற்றி மாட்டக்கூடியதாகப் பார்த்து.

பழையதை மகள் எடுத்துக்கொண்டாள். ஹார்ட் டிஸ்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தேன், நன்றாகவே ஓடுகிறது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் அணைந்துவிடும்.